கடப்பாடுகளை வரைந்துகொள்வது: நிறுவனங்களுக்கு இடையிலான மின்வணிகத்திற்கு ஓர் எளிய அறிமுகம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலை ஒன்றும் பெங்களூரு பக்கத்தில் இயங்கும் குளிர்பான நிறுவனம் ஒன்றும் வியாபாரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். தோத்தாபுரி காய் வரத்து மே மாதம் சூடுபிடித்து ஜூலை வாக்கில் ஓய்ந்துவிடும். அந்தக் குறுகிய பருவத்தில் பிழிந்த கூழை நுண்ணுயிர் நீக்கிய பைகளில் நிரப்பி, 215 கிலோ பிடிக்கும் இரும்பு டிரம்களில் அடைத்து, ஆண்டு முழுவதும் ஆலை விற்கிறது. ஒரு நாள் குளிர்பான நிறுவனத்தின் கணினியிலிருந்து ஆலையின் கணினிக்கு ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் வந்து சேர்கிறது: 20 டன் கூழ், இன்ன விலை, இன்ன தேதிக்குள். கோப்பு முழுதாக வந்துவிட்டது. அதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அது வந்து சேர்ந்த கணத்தில் இரு நிறுவனங்களுக்கும் இடையே என்ன மாறியது? ஆலை 20 டன் கொடுக்கக் கட்டுப்பட்டுவிட்டதா? நிறுவனம் பணம் கொடுக்கக் கட்டுப்பட்டுவிட்டதா? ஆலையின் மேலாளர் மூன்று நாள் கழித்து அதைத் திறந்து பார்த்து, "சரி" என்று பதில் அனுப்புவதற்குள் நிறுவனம் வேறோர் ஆலையிடம் வாங்கிவிட்டால், அந்தச் "சரி"க்கு என்ன பொருள்?

இந்தக் கேள்விகளுக்குக் கோப்பின் வடிவத்தில் விடை கிடையாது. தொலைபேசியில் பேசி வியாபாரம் செய்த காலத்தில், நெடுநாள் பழக்கமும் ஊர் வழக்கமும் இடையில் நிற்கும் தரகரும் சேர்ந்து இந்த இடைவெளிகளை நிரப்பினார்கள். கணினிக்கு வழக்கம் தெரியாது. எழுதிவைத்தது மட்டுமே தெரியும். ஆகவே, இரண்டு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று வியாபாரம் பேச வேண்டுமானால், எந்த ஆவணத்தை எந்த வடிவில் அனுப்புவது என்பதை முடிவுசெய்வதற்கு முன்பு, யார் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்படுகிறார், அந்தக் கடமை எந்தக் கணத்தில் பிறக்கிறது, எதனால் தீர்கிறது என்பதை இருவரும் சேர்ந்து வரைந்துகொள்ள வேண்டும். அந்தக் கடமையை இக்கட்டுரையில் கடப்பாடு என்றும், அது பிறந்து வளர்ந்து தீரும் வழியை வரைந்து காட்டும் படத்தை மாதிரி என்றும் குறிப்பிடுகிறேன். கடப்பாடுதான் முதல், ஆவணம் இரண்டாவது என்பதே நான் வலியுறுத்த விரும்பும் ஒரே செய்தி.

உலகம் இதற்கு எதிர்த்திசையிலிருந்துதான் தொடங்கியது. வணிக ஆவணங்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்காக 1987-இல் ஐ.எஸ்.ஓ. 9735 என்ற எண்ணில் ஒப்புதல் பெற்ற எடிஃபாக்ட் என்ற சர்வதேசத் தரம், ஆர்டருக்கு ஒரு செய்தி, ஆர்டருக்கான பதிலுக்கு ஒரு செய்தி, சரக்கு புறப்பட்டதற்கு ஒரு செய்தி, பில்லுக்கு ஒரு செய்தி என ஒவ்வோர் ஆவணத்திற்கும் இலக்கணம் வகுத்தது. அது பெரிய சாதனை. துறைமுகங்களிலும் வாகனத் தொழிலிலும் இன்றும் அது புழங்குகிறது. ஆனால் எந்தச் செய்திக்குப் பின் எந்தச் செய்தி வர வேண்டும், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பாதியில் நின்றுபோனால் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பவற்றை ஒவ்வொரு வாங்குபவரும் தனித்தனியாக எழுதிக்கொண்ட தடித்த கையேடுகளில்தான் தேட வேண்டியிருந்தது. பத்து வாடிக்கையாளர்கள் இருந்தால் பத்துக் கையேடுகள். பெரிய நிறுவனங்களால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. சிறிய ஆலைகளால் முடியவில்லை.

இந்தக் குறையை உணர்ந்தே 1997-இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 14662 என்ற திறந்த மின்தரவுப் பரிமாற்ற மாதிரி வந்தது. வணிகத்தை இரண்டு கோணங்களில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. ஒன்று, வணிகர்களின் கோணம்: என்ன விதிகள், என்ன பொறுப்புகள், எந்த வரிசை. மற்றொன்று, அதை நடத்தித்தரும் கணினிச் சேவைகளின் கோணம். முதலாவதைத் தெளிவாக எழுதிவிட்டால் இரண்டாவதை எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டும் செய்துகொள்ளலாம். தொழில்நுட்பம் மாறினாலும் வணிகத்தின் படம் மாறாது. 1999-இல் ஐ.நா.வின் மின்வணிக மையமான யு.என். செஃபாக்டும், தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பும் சேர்ந்து தொடங்கி, 2001 மே மாதம் முதல் கட்டத்தை முடித்த இ.பி.எக்ஸ்.எம்.எல். என்ற மின்வணிகத் தர முயற்சியும் இதே வழியில் நடந்தது. அதில் ஆவணங்களுக்கு இணையாக, வணிக நடைமுறையை விவரிப்பதற்கென்றே தனி வரையறை இருந்தது.

கொடுப்பதும் பெறுவதும்

கடப்பாடு என்ற கருத்துக்கு உறுதியான அடித்தளம் கணக்கியலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் மெக்கார்த்தி, 1982-இல் ஆர்.இ.ஏ. (வளம், நிகழ்வு, தரப்பினர் என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மாதிரியை முன்வைத்தார். பற்று, வரவு என்ற ஏட்டு முறையை ஒதுக்கிவைத்துவிட்டு, உண்மையில் நடப்பது என்ன என்று அவர் கேட்டார். நடப்பவை மூன்றே: மதிப்புள்ள வளங்கள் இருக்கின்றன, அவற்றைக் கைமாற்றும் நிகழ்வுகள் நடக்கின்றன, அந்த நிகழ்வுகளில் பங்குபெறும் தரப்பினர் இருக்கிறார்கள். எந்த நிகழ்வும் தனியாக நிற்பதில்லை என்பதுதான் இதன் உயிர்நாடி. கூழ் ஆலையை விட்டுப் போனால், அதற்கு இணையாகப் பணம் ஆலைக்கு வர வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கோருகிறது. ஒன்று நடந்து மற்றொன்று நடக்காவிட்டால் அங்கே பாக்கி நிற்கிறது.

பின்னாளில் இதே மாதிரியில் கடப்பாடுகள் சேர்க்கப்பட்டன. கடப்பாடு என்பது எதிர்காலத்தில் ஒரு நிகழ்வை நடத்தித்தருவதாக ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்கு ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. நிகழ்வுகள் இணையாக வருவது போலவே கடப்பாடுகளும் இணையாகவே வருகின்றன: கொடுக்கிறேன் என்ற கடப்பாட்டுக்கு எதிரே, பணம் தருகிறேன் என்ற கடப்பாடு. இப்படி ஒன்றுக்கொன்று எதிர்நிற்கும் கடப்பாடுகளின் தொகுப்புதான் ஒப்பந்தம். நடக்கும் ஒவ்வொரு நிகழ்வும் ஏதேனும் ஒரு கடப்பாட்டை முழுமையாகவோ பகுதியாகவோ தீர்க்கிறது. இந்தச் சிந்தனை பிறகு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 15944 வரிசையின் நான்காம் பகுதியாகச் சர்வதேசத் தரமும் ஆயிற்று.

நம் ஆலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பருவம் தொடங்கும் முன்பே, பத்து மாதங்களுக்கு மாதம் 20 டன் வீதம் மொத்தம் 200 டன் கூழ் தருவதாக ஆலையும், ஒவ்வொரு தவணையையும் பெற்றுக்கொண்ட 30 நாளில் பணம் தருவதாக நிறுவனமும் ஒப்புக்கொள்கின்றன என்று கொள்வோம். தாளில் வரைந்தால், இடப்பக்கம் ஆலையின் பத்துக் கடப்பாடுகள், வலப்பக்கம் நிறுவனத்தின் பத்துக் கடப்பாடுகள். இடையில் அவற்றை இணைக்கும் கோடுகள். ஒவ்வொரு கடப்பாட்டுக்கும் கீழே அதைத் தீர்க்கும் நிகழ்வை எழுத வேண்டும். ஆலையின் கடப்பாடு எதனால் தீர்கிறது? சரக்கு லாரியில் ஏறியதாலா, நிறுவனத்தின் வாசலில் இறங்கியதாலா, அவர்களின் ஆய்வகம் தரத்தைச் சரிபார்த்து ஏற்றதாலா? மூன்றும் வெவ்வேறு விடைகள். மூன்றுக்கும் இடையே பணமும் இழப்பும் கிடக்கின்றன. பெரும்பாலான தகராறுகள் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

அளவைக்கூட மாதிரி கவனிக்க வேண்டும். 215 கிலோ டிரம்கள் 93 ஏற்றினால் 19,995 கிலோ ஆகும்; 94 ஏற்றினால் 20,210 கிலோ ஆகும். சரியாக 20,000 கிலோவை முழு டிரம்களில் கொடுக்கவே முடியாது. லாரிக்கு அருகில் நிற்கும் மனிதருக்கு இது ஒரு பிரச்சினையே அன்று. ஆனால் 5 கிலோ குறைந்ததால் ஆர்டர் இன்னும் தீரவில்லை என்று கணினி காட்டிக்கொண்டே இருக்கும். சில மென்பொருள்களில் பில்லும் நின்றுபோகும். ஆகவே எத்தனை விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் கடப்பாடு தீர்ந்ததாகக் கொள்வது என்பதும் மாதிரியின் பகுதியே.

எல்லா வியாபாரத்துக்கும் இத்தனை வரைபடம் தேவையில்லை. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் விவசாயி கூட்டைக் கொண்டுவந்து குவிக்கிறார், நூற்பவர்கள் குவியலைப் பார்த்து ஏலம் கேட்கிறார்கள், விலை படிகிறது, எடை போடப்படுகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே காலம் மிகக் குறைவு, பொருள் கண்ணெதிரே இருக்கிறது. அங்கே கடப்பாடுகள் நீண்ட காலம் உயிரோடு நிற்பதில்லை. மாங்கூழ் ஒப்பந்தத்திலோ சொல்லுக்கும் செயலுக்கும் இடையே மாதங்கள் கிடக்கின்றன. அந்த மாதங்களில் விலை மாறும், விளைச்சல் மாறும், மேலாளர்கூட மாறுவார். கடப்பாட்டை வரைந்துவைப்பதன் பயன் அந்த இடைவெளியின் நீளத்தைப் பொறுத்தது.

மதிப்பீடு எது, கடப்பாடு எது என்ற வேறுபாடும் இங்கேதான் வருகிறது. ஓசூர் சிப்காட்டில் வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளுக்கு இது நன்றாகவே தெரியும். பெரிய நிறுவனம் விலையை மட்டும் நிர்ணயித்து ஒரு திறந்த பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கொடுத்திருக்கும், அளவு மாதந்தோறும் வரும் ஷெட்யூலில் இருக்கும். அந்த ஷெட்யூலில் வரும் மாதத்திற்கான எண் உறுதியானது, அதற்கடுத்த மாதங்களுக்கானது உத்தேசம் என்பது வழக்கமான ஏற்பாடு. உத்தேச எண்ணை நம்பி இரும்பு வாங்கி வைத்த பின் அது குறைந்தால், அந்த இரும்புக்கு யார் பொறுப்பு? ஒரே கோப்பில், ஒரே அட்டவணையில், அடுத்தடுத்த கட்டங்களில் இரண்டு வகை எண்களும் நிற்பதால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. நல்ல மாதிரி இவற்றைப் பிரித்துக் காட்டும்: உறுதி எண் கடப்பாட்டைப் பிறப்பிக்கிறது, உத்தேச எண் வெறும் தகவல், இரண்டுக்கும் நடுவே, மூலப்பொருளுக்கு மட்டும் வாங்குபவர் பொறுப்பேற்கும் பகுதிக் கடப்பாடு என்ற மூன்றாவது வகையையும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வகைப் பரிமாற்றங்கள்

கடப்பாடுகளை வரைந்த பிறகே செய்திகளுக்கு வர வேண்டும். யு.என். செஃபாக்ட் உருவாக்கிய மாதிரியமைப்பு முறை, நிறுவனங்கள் இடையே நடக்கும் எந்த உரையாடலையும் சிறுசிறு பரிமாற்றங்களாகப் பிரிக்கிறது. ஒரு பரிமாற்றம் என்பது ஒருவர் கேட்பதும், தேவையானால் மற்றவர் பதில் சொல்வதும். அதன் முடிவில் இருவரும் ஒரே நிலைக்கு வந்திருக்க வேண்டும். இவை ஆறு வகைப்படும் என்று அம்முறை கூறுகிறது. அந்த ஆறையும் பிரிப்பது கடப்பாடுதான் என்பதைக் கவனித்தால் மனத்தில் எளிதாகப் பதியும்.

முதலாவது வணிகப் பரிமாற்றம். ஆர்டரும் அதற்கான ஏற்பும் இதில் அடங்கும். இருபுறமும் கடப்பாடு பிறப்பது இதில்தான். மற்றவற்றில் மூன்று, கேள்வியும் பதிலுமாக அமைபவை. கையில் ஏற்கெனவே உள்ள தகவலைக் கேட்டுப் பெறுவது ஒன்று: இருப்பில் எத்தனை டிரம் உள்ளது என்பது போல. பதில் சொல்வதற்கு முன் மற்றவர் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியது இன்னொன்று: அடுத்த ஆண்டுக்கு என்ன விலை தருவீர்கள் என்பது போல. முன்பே உள்ள ஒப்பந்தம் அல்லது கடமையின் நிலையை உறுதிப்படுத்திக்கொள்வது மூன்றாவது. எஞ்சிய இரண்டும் ஒருவழிச் செய்திகள். சரக்கு புறப்பட்டது என்பது போன்ற முறையான அறிவிப்பை அனுப்பியவர் பின்னர் மறுக்க முடியாது. விலைப்பட்டியல் சுற்றறிக்கை போன்ற தகவல் பரப்பலோ யாரையும் கட்டுப்படுத்தாது.

இந்தப் பிரிவு ஏட்டோடு நிற்பதன்று. இந்தியாவில் ஓ.என்.டி.சி. என்ற திறந்த மின்வணிக வலையமைப்பு பயன்படுத்தும் பெக்கன் என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் தேடல், தெரிவு, தொடக்கம், உறுதிசெய்தல் என்று படிகள் உள்ளன. தேடலும் தெரிவும் எத்தனை முறை நடந்தாலும் யாரும் யாருக்கும் கடமைப்படுவதில்லை. உறுதிசெய்தல் என்ற படிக்கு மற்றவர் பதில் அனுப்பும்போதே ஆர்டர் உருவாகிறது. எந்தப் படி கட்டுப்படுத்துகிறது, எந்தப் படி கட்டுப்படுத்துவதில்லை என்பதை நெறிமுறையே பிரித்து வைத்திருக்கிறது.

இனி, புதிதாக வருவோர் மிகவும் குழம்பும் இடத்துக்கு வருகிறோம். வணிகப் பரிமாற்றத்தில் ஓர் ஆர்டருக்கு மூன்று வகைப் பதில்கள் வரலாம். முதலாவது, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை: கோப்பு கிடைத்தது, படிக்கக்கூடிய வடிவில் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். இரண்டாவது, செயலாக்கத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்ற ஒப்புகை: பொருள் குறியீடு சரி, வாடிக்கையாளர் எண் சரி, விதிகளுக்கு உட்பட்ட ஆர்டர்தான் என்று நம் கணினி சோதித்துவிட்டது என்று பொருள். மூன்றாவதுதான் உண்மையான வணிகப் பதில்: இந்த 20 டன்னை இந்த விலைக்குத் தருகிறோம், அல்லது தர இயலாது. முதல் இரண்டையும் மனிதர் தலையிடாமல் கணினியே அனுப்பிவிடும். இரண்டாவது ஒப்புகையைப் பார்த்துவிட்டு ஆர்டர் ஏற்கப்பட்டது என்று வாங்குபவர் முடிவுசெய்தால், அவருடைய ஏட்டில் ஒரு கடப்பாடு பிறந்துவிடுகிறது. ஆலையின் ஏட்டில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு உலகங்களில் வாழத் தொடங்கும் கணம் இதுவே.

ஆகவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மூன்று கெடுநேரங்களை மாதிரியில் எழுதுகிறார்கள்: வந்து சேர்ந்ததை எத்தனை நேரத்தில் ஒப்ப வேண்டும், செயலாக்கத்துக்கு எடுத்ததை எத்தனை நேரத்தில் ஒப்ப வேண்டும், முழுப் பதிலையும் எத்தனை நேரத்தில் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டு மணி, ஆறு மணி, இரண்டு வேலை நாள் என்று வைக்கலாம். இவற்றில் எது தவறினாலும் பரிமாற்றம் தோற்றதாகக் கருதப்பட்டு, ஆர்டரே அனுப்பாதது போல இருவரும் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தோல்வியைக் கண்டவர் மற்றவருக்கு அதை அறிவிக்கவும் வேண்டும். அதனால்தான் மூன்று நாள் கழித்து வரும் "சரி"க்கு மாதிரியில் இடமே இல்லை. அது காலாவதியான பரிமாற்றத்துக்கு வந்த பதில், வேண்டுமானால் புதிய முன்மொழிவாக எடுத்துக்கொள்ளலாம்.

மௌனத்துக்கு என்ன பொருள்?

கெடுநேரம் என்பது, பதில் வராமையைப் பற்றி முன்கூட்டியே செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. இதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுச் சட்டங்களே நல்ல பாடங்களாக உள்ளன. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 12-ஆம் பிரிவு ஒப்புகையைப் பற்றியே பேசுகிறது. ஒப்புகை கிடைத்தால் மட்டுமே இச்செய்தி என்னைக் கட்டுப்படுத்தும் என்று அனுப்புபவர் நிபந்தனை விதித்திருந்து, ஒப்புகை வரவில்லையென்றால், அந்தச் செய்தி அனுப்பப்படவே இல்லை என்று கொள்ளப்படும். மேலே சொன்ன, முந்தைய நிலைக்குத் திரும்புதல் என்ற விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டமும் மாதிரியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்கிறது. ஆகவே ஆலைக்கு வந்த ஆர்டரும் அதற்கான ஏற்பும் காகிதத்தில் கையெழுத்திட்டவற்றைவிடத் தாழ்ந்தவை அல்ல.

ஆனால் வேறு இடங்களில் மௌனத்துக்கு இதற்கு நேர் எதிரான பொருள் தரப்பட்டிருக்கிறது. ஆலை சரக்கை அனுப்பும்போது இ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்து ஆவணத்தை எடுக்கிறது. அதன் விவரம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள், அல்லது சரக்கு வந்து சேர்வதற்குள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள், பெறுபவர் மறுக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். ஜி.எஸ்.டி. தளத்தில் 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், தமக்கு வந்த பில்லைப் பெறுபவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதையும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, குறு அல்லது சிறு நிறுவனம் அனுப்பிய சரக்கைப் பெற்றவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்ற நாளாகும். அங்கிருந்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கணக்கிடும் கூட்டு வட்டி சேரும்.

மூன்றும் ஏற்பு என்றுதான் அழைக்கப்படுகின்றன. ஆனால் மூன்றும் வெவ்வேறானவற்றைப் பற்றியவை. முதலாவது, போக்குவரத்து ஆவணத்தின் விவரத்தை ஏற்பது. இரண்டாவது, வரி வரவுக்காகப் பில்லை ஏற்பது. மூன்றாவது, சரக்கையே ஏற்பது. பணம் கொடுக்கும் கடப்பாட்டின் கடிகாரம் அதிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் பில்லை ஏற்றுவிட்டார்கள், ஆகவே கூழின் தரத்தையும் ஏற்றுவிட்டார்கள் என்று ஆலை வாதிட முடியாது. தரத்தை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், ஆகவே பணத்தின் நாட்கணக்கு தொடங்கவில்லை என்று, எழுத்தில் ஆட்சேபம் தராமலே 15 நாளைக் கடந்த நிறுவனமும் வாதிட முடியாது. மாதிரியில் இந்த மூன்று ஏற்புகளையும் மூன்று தனிக் கட்டங்களாக வரைந்து, எந்தக் கட்டம் எந்தக் கடப்பாட்டைத் தொடுகிறது என்று கோடு போட்டுவிட்டால், கணக்குப் பிரிவில் இருக்கும் புதியவருக்கும் குழப்பம் வராது.

பாதை தவறும்போது

நேராகச் செல்லும் பாதையை வரைவது எளிது. மாதிரியின் தரம், தவறும் பாதைகளை எவ்வளவு நேர்மையாக வரைந்திருக்கிறோம் என்பதில் தெரியும். தோத்தாபுரி கூழில் கரைந்துள்ள இனிப்பின் அளவு 14 பிரிக்ஸுக்கு (பிரிக்ஸ் என்பது இனிப்பை அளக்கும் அலகு) குறையக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. 93 டிரம்கள் சென்று சேர்ந்த பின், அவற்றில் 20 டிரம்களில் அளவு குறைந்திருப்பதாக நிறுவனத்தின் ஆய்வகம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 73 டிரம்கள் அளவுக்கு ஆலையின் கடப்பாடு தீர்ந்துவிட்டது. அதற்கு இணையான பணக் கடப்பாடு உறுதியாகிவிட்டது. எஞ்சிய 20 டிரம்கள் என்ன ஆகும்? ஆலை மாற்றுச் சரக்கு தர வேண்டுமா, விலை குறைத்துத் தீர்க்கலாமா, அந்த அளவு ஒப்பந்தத்திலிருந்தே கழிந்துவிடுமா? ஆய்வை எந்த முறையில், எந்த ஆய்வகத்தில் செய்தது செல்லும்? டிரம்களைத் திருப்பி எடுத்துவரும் லாரி வாடகை யாருடையது?

மாதிரி இல்லாத இடத்தில் இவை எல்லாம் ஒரு டெபிட் நோட்டாக மட்டும் வந்து நிற்கின்றன. வாங்குபவர் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். எந்த டிரம், எந்தத் தொகுதி எண், எந்த ஆய்வு என்ற தொடர்பு அறுந்துபோகும். கடப்பாடுகளை முன்னிறுத்தி வரைந்த மாதிரியில் ஒவ்வொரு நிராகரிப்பும் தனக்குரிய கடப்பாட்டைச் சுட்டும்; அந்தக் கடப்பாடு தீர்ந்தது என்ற நிலைக்குப் போகாமல் பகுதி தீர்ந்தது என்ற நிலையில் நிற்கும்; மீதியைத் தீர்க்க அனுமதிக்கப்பட்ட வழிகள் மட்டுமே அடுத்து திறந்திருக்கும். ஒரு கடப்பாடு முன்மொழியப்பட்டது, ஏற்கப்பட்டது, பகுதி தீர்ந்தது, முழுதும் தீர்ந்தது, மீறப்பட்டது, இருவர் சம்மதத்துடன் கைவிடப்பட்டது என ஏதேனும் ஒரு நிலையில்தான் எப்போதும் இருக்க முடியும். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்ல எந்தச் செய்தி அல்லது எந்த நிகழ்வு தேவை என்று எழுதுவதே மாதிரியமைப்பின் பெரும்பகுதி உழைப்பு.

விளைச்சல் பொய்த்தால், காய் விலை எகிறினால் என்ன என்பதும் இதே வகைதான். கிட்டத்தட்ட இரண்டு டன் காய்க்கு ஒரு டன் கூழ் கிடைக்கும் தொழிலில், மண்டியில் காய் விலை ஏறுவது கூழின் அடக்கவிலையை இரட்டிப்பு வேகத்தில் தாக்கும். விலையைத் திருத்தும் உரிமை இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், மறுத்தால் பழைய விலைக்கே கொடுக்க வேண்டுமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதாமல் நம்பிக்கையின் மேல் விட்டால், கணினியால் மட்டுமல்ல, வழக்கறிஞராலும் பிறகு அதைக் கண்டுபிடித்துத் தர முடியாது.

இவ்வளவும் வரையும்போது நம் ஆலையின் உள்விவகாரங்கள் வெளியே போய்விடாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். நியாயமான கேள்வி. மாதிரியில் பொதுப் பகுதி, தனிப் பகுதி என்று இரண்டு உண்டு. இருவருக்கும் இடையே செல்லும் செய்திகளும் கடப்பாடுகளின் நிலைகளும் மட்டுமே பொதுப் பகுதி. காயை எந்த மண்டியில் வாங்குகிறோம், எந்த ஷிப்டில் பிழிகிறோம், ஆர்டரை ஏற்பதற்கு முன் யாரிடம் ஒப்புதல் பெறுகிறோம் என்பவை தனிப் பகுதி. அவற்றை மற்றவர் அறிய வேண்டியதே இல்லை. பொதுப் பகுதி மாறாமல் இருக்கும்வரை தனிப் பகுதியை ஆலை தன் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதும் சிறு ஆலையும், பெரிய மென்பொருளில் இயங்கும் பன்னாட்டு நிறுவனமும் ஒன்றாகத் தொழில் செய்ய முடிவது இந்தப் பிரிவினால்தான்.

பில்லை அரசுத் தளத்தில் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் முறை வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு என்ற கேள்வியும் எழலாம். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய கட்டாயம், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் பொருந்துகிறது. இதனால் நாடு முழுவதும் பில்லுக்கு ஒரே வடிவம் கிடைத்திருக்கிறது; இது உண்மையிலேயே பெரிய அடித்தளம். ஆனால் பில் என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று. அது எந்தக் கடப்பாட்டிலிருந்து பிறந்தது, அந்தக் கடப்பாடு எப்போது, எந்த நிபந்தனையில் ஏற்கப்பட்டது என்பவை அரசுத் தளத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்தப் பகுதியை வாங்குபவரும் விற்பவரும்தான் வரைய வேண்டும்.

தொடங்குவதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். யு.எம்.எல். என்ற படமொழி தெரிந்தால் நல்லது; தெரியாவிட்டாலும் ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும். நடப்பில் உள்ள ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு, சென்ற பருவத்தில் அவருடன் நடந்த ஒரு முழு விற்பனையை, முதல் விசாரிப்பிலிருந்து கடைசி ரூபாய் வந்தது வரை எழுதிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, தொலைபேசியில் பேசியது, மின்னஞ்சலில் வந்த பி.ஓ. ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதனால் எந்தக் கடப்பாடு பிறந்தது, மாறியது அல்லது தீர்ந்தது என்று எழுத வேண்டும். எதிரே எதுவும் எழுத முடியாத செய்திகள் வெறும் தகவல்கள். அவற்றைக் கணினிமயமாக்க அவசரமில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாக விடை எழுதும் செய்திகளே முதலில் வாடிக்கையாளருடன் உட்கார்ந்து பேச வேண்டியவை.

அப்படிப் பேசி முடித்த மாதிரியை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, அதற்கு ஒரு பதிப்பு எண்ணும் தர வேண்டும். பருவத்தின் நடுவில் ஒரு விதியை மாற்ற நேர்ந்தால் பழைய தாளை அடித்துத் திருத்தாமல் புதிய பதிப்பு எண் கொடுத்து, அது எந்தத் தேதிக்குப் பிறகு ஏற்கப்படும் ஆர்டர்களுக்குப் பொருந்தும் என்று எழுதுவது நல்லது. ஏனெனில் மே மாதத்தில் ஏற்ற 20 டன் கடப்பாடு டிசம்பரில் தீரும்போதும், அது எந்தப் பதிப்பின் கீழ் பிறந்ததோ அந்தப் பதிப்பின் விதிகளின்படியே தீர வேண்டும். இரு கணினிகளும் ஒவ்வொரு செய்தியிலும் அந்தப் பதிப்பு எண்ணைச் சேர்த்து அனுப்பினால் அதைச் சரிபார்ப்பது எளிது.